மார்ச் பதினொன்று

சினிமா ஸ்டுடியோக்கள் நிறைந்த பர்பேங்கில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்பதுபோல நடந்துகொள்வார்கள். வேலை இல்லை என்பதற்கு "உங்களை எங்களுக்கு ரொம்பப் புடிக்கும்" என்பார்கள். கதை தேறாது என்பதற்கு "என்ன ஒரு பார்வை உங்களுக்கு" என்பார்கள். நடீன் சூவிச் இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் படத்தொகுப்பாளராக இருக்கிறாள். இந்தத் தேன் தடவிய பேச்சையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அவளுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். தேதி கேட்கிறார்களா? இன்ன தேதியிலிருந்து ஆள் காலியா என்று ஸ்டுடியோவிலிருந்து ஏஜென்டுக்கு போன் வந்தால் வேலை உண்டு. வராவிட்டால், கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாலும் வேலை இல்லை.

அந்த செப்டம்பரில் ஊர் முழுக்க ஒரே பேச்சு. 'உப்புக்கோள்' படத்தின் இரண்டாம் பாகத்தை யார் எடுக்கப்போகிறார்கள்? முதல் பாகம் உலகத்தின் எல்லா மூலையிலும் ஓடி, பொம்மையாகவும் தலையணை உறையாகவும் வந்து, ஸ்டுடியோவை உட்காரவைத்துச் சோறு போட்டது. இரண்டாம் பாகம் அடுத்த வசந்தத்தில் படப்பிடிப்பு. செட் போடத் தொடங்கியாகிவிட்டது, விண்கப்பல் பாதி முடிந்துவிட்டது. இயக்குநர்தான் இல்லை. முதல் பாகத்தை எடுத்தவர் கருத்து வேறுபாட்டால் விலகினார் என்று அறிக்கை வந்தது. அவரும் தயாரிப்புத் தலைவர் கர்டிஸ் பாலன்டைனும் ஒரே லிஃப்டில் ஏறமாட்டார்கள் என்பது அதன் பொருள்.

முதல் பாகத்தின் தொகுப்பாளர் நடீன். இரண்டாம் பாகத்தை இயக்கவேண்டும் என்ற ஆசை அவளுக்கு அப்போது இல்லை. அதைக் கிளப்பிவிட்டது டெடி லிண்ட்க்விஸ்ட்.

டெடி மினசோட்டாவின் டுலூத்திலிருந்து வந்தவன். வயது முப்பத்து நான்கு. அதுவரை எடுத்தது ஒரே படம்: ஒரு உறைந்த ஏரி, ஒரு அப்பா, ஒரு மகள், அவ்வளவுதான். நல்ல படம். பாலன்டைனின் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. பட்டியலில் இருப்பவர்கள் வெறும் கையை வீசிக்கொண்டு போகமாட்டார்கள். இன்னும் எடுக்காத படம் எப்படி இருக்கும் என்று காட்ட, வேறு பத்துப் பேர் எடுத்த படங்களிலிருந்து ஒரு புயல், ஒரு அழுகை, ஒரு வெடிப்பு என்று பிய்த்து ஒட்டி இரண்டரை நிமிட ரீல் ஒன்றைக் கொண்டுபோவார்கள். அதை வெட்டித் தரச்சொல்லித்தான் டெடி அட்வாட்டரில் இருந்த நடீன் வீட்டுக்கு வந்தான். கார் நிற்கவேண்டிய கொட்டகைதான் அவளுக்கு வெட்டும் அறை.

"அந்தக் கதவு திறக்கிற சீன் இருக்கே," என்றான் டெடி. "அவ கப்பல் கதவைத் திறக்கிறா, சத்தம் அப்படியே நின்னுபோகுது. நாப்பது செகண்டு. அவ முகம் மட்டும்தான். என்னைக் கேட்டா அதுதாங்க படம். ரெண்டாம் பாகம் முழுக்க நான் அப்படித்தான் எடுக்கணும்னு இருக்கேன்."

அந்த நாற்பது வினாடியின் கதை நடீனுக்குத் தெரியும். அந்த இடத்தில் முதல் பாகத்தின் இயக்குநர் பதினோரு கப்பல்களை வெடிக்க வைத்திருந்தார். முன்னோட்டக் காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கிராபிக்ஸ் வேலை முடியவில்லை. அவள்தான் பதினோரு கப்பலையும் தூக்கிக் குப்பையில் போட்டு, நடிகையின் முகத்தை மட்டும் வைத்து, சத்தத்தை அடியோடு நிறுத்தினாள். இயக்குநர் காபிக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். முன்னோட்டத்தில் நானூறு பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபிறகு, அது தன் கனவில் வந்த காட்சி என்று பேட்டி கொடுத்தார். நடீன் வாயைத் திறக்கவில்லை. தொகுப்பாளர் என்றால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது தொழிலின் எழுதாத சட்டம்.

நான்கு நாள் டெடியோடு உட்கார்ந்து வெட்டினாள். அவன் முதல் பாகத்தில் பிடித்தது என்று சொன்ன ஒவ்வொன்றும் அவள் செய்தது. மூன்றாவது நாள் அவளுக்கு உறைத்தது. என் படத்தை எனக்கே விளக்கிச் சொல்லி இன்னொருவன் வேலை வாங்கப் போகிறான், அதற்கு நானே கத்தரிக்கோல் பிடிக்கிறேன் என்று நினைத்தாள். வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கொல்லைப்பக்கம் போய் தன் ஏஜென்ட் ரெனாட்டாவுக்கு போன் போட்டாள்.

"உப்புக்கோள் ரெண்டுக்கு என் பேரைக் கொடு."

"நீதான் எடிட்டர், அதுல என்ன சந்தேகம் செல்லம்?"

"எடிட்டருக்கு இல்ல. டைரக்டருக்கு."

ரெனாட்டா ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"வெயில்ல ஏதும் நின்னியா?"

"நிக்கல."

"எடிட்டருங்க டைரக்ட் பண்ணா என்ன சொல்லுவாங்க தெரியுமில்ல? நடிகருங்ககிட்ட பேசத் தெரியாது, இருட்டு ரூம்ல இருந்தே பழகிட்டாங்கன்னு."

"நடிகருங்களே பரவால்ல. உங்கிட்ட இருபது வருசமா பேசிட்டு இருக்கேனே."

ரெனாட்டா சிரித்துவிட்டாள். "சரிடி. கொடுக்கிறேன். அவங்க உன்னை ரொம்பப் புடிக்கும்னு சொல்லுவாங்க, இப்பவே சொல்லிட்டேன்."

நடீன் திரும்பி வந்து டெடியிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். அவன் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப என் ரீலு?"

"ஒத்துக்கிட்டேன்ல. முடிச்சுத் தர்றேன்."

"நல்லா வெட்டுவீங்களா?"

"மோசமா வெட்ட எனக்கு வராது தம்பி. வந்திருந்தா எப்பவோ டைரக்டர் ஆகியிருப்பேன்."

சொன்னபடியே முடித்துக் கொடுத்தாள். கடைசி இருபது வினாடியில் சத்தத்தை நிறுத்தி, அவன் எடுத்த ஏரிப் படத்திலிருந்தே அந்த மகளின் முகத்தை வைத்தாள். டெடி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் அவளுக்கும் பாலன்டைன் நேரம் கொடுத்தார். அவள் ரீல் எதுவும் கொண்டுபோகவில்லை. முதல் காட்சியை வாயாலேயே சொன்னாள். உப்பு வெளி. கதாநாயகி தனியாக நடக்கிறாள். காலடியில் உப்பு நொறுங்கும் சத்தம் அவளுக்குத் தன் குழந்தை ரொட்டி கடிக்கும் சத்தமாகக் கேட்கிறது. நின்றால் சத்தம் நின்றுவிடும். அதனால் அவள் நிற்கமாட்டாள். சொல்லி முடித்தபோது பாலன்டைன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் திருகிக்கொண்டிருந்தார்.

"பிரமாதம் நடீன். ரொம்பப் புடிச்சிருக்கு," என்றார். வாசல்வரை வந்து மறுபடியும், "நெஜமாவே ரொம்பப் புடிச்சிருக்கு" என்றார். இரண்டு தடவை சொன்னதும் அவள் ஆசையை மடித்து வைத்துவிட்டாள். காரில் ஏறும்போது அழுகை வந்தது. பாதுகாவலர் பார்க்கிறாரே என்று அடக்கிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை ரெனாட்டா கூப்பிட்டாள்.

"எங்க இருக்க? நின்னுட்டு இருந்தா உக்காரு."

"கடையில முட்டை வாங்கிட்டு இருக்கேன்."

"முட்டையைக் கீழ வை. தேதி கேட்டுட்டாங்க."

நடீன் முட்டைப் பெட்டியைக் கீழே வைத்தாள். "யாரு?"

"பாலன்டைன் ஆபீஸ்லேருந்து. உப்புக்கோள் ரெண்டு. மார்ச் பதினொண்ணுலேருந்து பதினெட்டு மாசம் நீ காலியான்னு. நான் என்ன சொன்னேன்னு நெனைக்கிற? பாத்துச் சொல்றேன்னேன்."

"டைரக்டர்னு வாயைத் தொறந்து சொன்னாங்களா?"

"அதெல்லாம் யாருடி சொல்லுவாங்க? பத்து நாள் முன்னாடி டைரக்டருக்குன்னு போய்க் கேட்டவளுக்கு தேதி கேட்டா வேற என்ன அர்த்தம்? திங்கக்கிழமை பதினோரு மணிக்கு நேர்ல வரச் சொல்லியிருக்காங்க."

வார்த்தையை நம்பாமல் தேதியை மட்டும் நம்பிப் பழகியவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அவளுக்குக் கடை நடுவில் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், முட்டை அடுக்குக்கு முன்னால், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னை யாரோ சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சான் பெட்ரோவில் அக்கா டொலோரஸ் வீட்டில் கணவாய் மீன் சுட்டார்கள். அக்கா மேசைக்கு அந்தப் பக்கமிருந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே உங்கிட்டப் பேசணும்னா நான் ஏஜென்டுக்கு போன் பண்ணணுமா?"

"ஏஜென்ட் உன்னை ரொம்பப் புடிக்கும்னு சொல்லி வெச்சிடுவா, போ."

"படம் முடிஞ்சப்புறம் பேரு ஓடும்போது இனிமே நாங்க கடைசிவரைக்கும் உக்கார வேண்டாம்ல?"

"வேண்டாம்க்கா. இந்தத் தடவை முதல்லயே வரும்."

அதைச் சொன்னபோது தன் குரல் உடைந்ததை நடீன் கவனித்தாள். அக்காவும் கவனித்தாள். எழுந்து வந்து இன்னொரு கணவாயை இவள் தட்டில் போட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை. பாலன்டைனின் அறைக்குள் நுழைந்ததும் சோபாவில் டெடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவனுக்கு உதவி இயக்குநர் மாதிரி ஏதாவது கொடுக்கப்போகிறார்கள் போலிருக்கிறது, பாவம், நல்ல பையன்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவனுக்காகக் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டாள்.

"வந்துட்டாங்க நம்ம ஆளு," என்று பாலன்டைன் கையை விரித்துக்கொண்டு எழுந்தார். "டெடி ஒரே பிடிவாதம். நடீன் இல்லைன்னா நானும் இல்லைன்னுட்டான். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே எனக்குக் கண்டிஷன் போடுறான் பாருங்க."

டெடி வெட்கப்பட்டுச் சிரித்தான். "நீங்கதாங்க வேணும். வேற யார் வெட்டினாலும் அது படமா இருக்காது."

மார்ச் பதினொன்று. அந்தத் தேதி அப்போதுதான் அவள் மண்டையில் வந்து சரியான இடத்தில் உட்கார்ந்தது. இது அக்டோபர். இயக்குநர் என்றால் நாளைக்கே வேண்டும். நடிகர்களைத் தேர்வு செய்ய, பாதியில் நிற்கிற கப்பலைப் பார்த்து இது சரியில்லை என்று சொல்ல, கதையை அடித்துத் திருத்த. மார்ச்சில் யார் வருவார்கள்? கேமரா ஓடத் தொடங்கும் நாளில் தொகுப்பாளர்தான் வருவார். இருபத்தாறு வருடமாக அவளுக்கு வந்த தேதியெல்லாம் படப்பிடிப்பின் முதல் நாள்தானே. ஊரில் எல்லாருடைய தேதியையும் படிக்கத் தெரிந்தவள் தன் தேதியைத் தப்பாகப் படித்திருக்கிறாள். பேர் முதலிலேயே வரும் என்று நேற்று அக்காவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

பாலன்டைன் பேசிக்கொண்டே போனார். "இவன் கொண்டுவந்த ரீலைப் பாக்கணுமே நீங்க. கடைசி இருபது செகண்டு. சேர்மன் எழுந்து நின்னுட்டாரு. முப்பது பேர் ரீலைப் பாத்தாச்சு, ஒருத்தருக்கும் அவர் எழுந்து நிக்கல. அங்கேயே முடிவாயிருச்சு."

"சார், அந்த ரீலை வெட்டினதே நடீன்தான்," என்றான் டெடி. டுலூத்துக்காரன், பொய் சொல்லத் தெரியாது.

"அப்படியா?" பாலன்டைன் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு சுதாரித்துக்கொண்டார். "பாத்தீங்களா, அதுக்குத்தான் இவங்க வேணும்கிறது. என்ன நடீன், மார்ச் பதினொண்ணு. சொல்லுங்க."

நடீனுக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. அந்த இருபது வினாடியும் என்னுடையது, அந்த நாற்பது வினாடியும் என்னுடையது என்று மேசையைத் தட்டிச் சொல்லவேண்டும்போல இருந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். கசந்துபோன எடிட்டர் என்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். டெடியைப் பார்த்தாள். அவன் மேல் கோபம் வரவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

"கர்டிஸ்," என்றாள். "எனக்கு இது ரொம்பப் புடிச்சிருக்கு."

டெடி கைதட்டாத குறை. "நான்தான் சொன்னேன்ல சார், ஒத்துப்பாங்கன்னு."

பாலன்டைன் முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருடமாக அந்த வாக்கியத்தை ஆயிரம் பேருக்குச் சொன்னவர் அவர். முதல்முறையாக அது அவருக்கே திரும்பி வந்திருக்கிறது.

"நடீன், அவசரமே இல்ல. யோசிச்சு..."

"டெடியையும் எனக்கு ரொம்பப் புடிக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். "என்ன ஒரு பார்வை."

வாசலில் கார் வரிசையில் நிற்கும்போதே ரெனாட்டா கூப்பிட்டுவிட்டாள். "உள்ள என்னடி பண்ண? பாலன்டைன் பதறிப்போய்க் கூப்பிடுறார். நீ இல்லைன்னா டெடி கையெழுத்துப் போடமாட்டானாம். வேற எந்தத் தேதி வேணும்னாலும் சொல்லச் சொல்லு, மாத்திக்கலாம்னு கெஞ்சுறார். நான் என்ன சொல்லட்டும்?"

பாதுகாவலர் தடுப்புக் கம்பியைத் தூக்கினார். நடீன் அவருக்குக் கை காட்டிவிட்டு வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தாள்.

"மார்ச்சுல நான் காலி இல்லைன்னு சொல்லு."

"அப்புறம் எப்பத்தான் காலி?"

"நாளைக்கு. நாளைக்குக் காலையிலேருந்து காலியான்னு கேட்டா மட்டும் எனக்கு போன் பண்ணு."