அம்பு இல்லாத கட்டம்

பலகையின் முன்னால் இயக்குநரோடு நின்றிருந்தேன். அதில் எங்கள் மருந்துக் கிடங்கின் மொத்த வேலையையும் முப்பத்தொரு கட்டங்களாக வரைந்திருந்தேன். வேலை வரைபடம் போடும் ஆறு வாரப் பயிற்சியில் மண்டையில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்: கட்டத்துக்குள் ஆள் பெயர் வரக்கூடாது, பிரிவின் பெயரும் வரக்கூடாது, என்ன வேலை நடக்கிறது என்பது மட்டும்தான் வரவேண்டும். ஒரு வேலை இன்னொரு வேலைக்கு ஏதாவது கொடுத்தால் ஓர் அம்பு. பெருமையாகத்தான் வரைந்தேன், இல்லையென்று சொல்லவில்லை.

இயக்குநர் சிவப்பு மார்க்கரின் மூடியைக் கழற்றினார்.

"இருபத்தேழாவதைப் பாருங்க. உள்ள அம்பு வருது, வெளிய ஒண்ணுமே போகல. யாருக்கும் எதுவும் தராத வேலை நமக்கு எதுக்கு? எடுத்துடலாம்."

'திரும்பி வந்த மருந்தைச் சோதித்தல்' என்று என் கையெழுத்தில் இருந்தது. அதன் மேல் குறுக்காக ஒரு கோடு விழுந்தது. ஆள் பெயர் எழுதாத அந்தக் கட்டத்துக்குள் என் அக்காவும் இன்னும் நான்கு பேரும் இருக்கிறார்கள். மற்ற முப்பது இடங்களுக்கும் நேரில் போய் மணிக்கணக்கில் கேள்வி கேட்டவன், அங்கே மட்டும் போகவில்லை. அக்காதானே, பத்து வருஷமாகச் சாப்பிடும்போது கேட்காத கதையா என்று வீட்டிலிருந்தே வரைந்துவிட்டேன். போன வாரம் அவளே கேட்டாள்.

"எல்லாரையும் போய்ப் பாத்தியாமே. எங்க ரூமுக்கு எப்படா வருவ?"

"உன் வேலை எனக்குத் தெரியாதாக்கா?"

"கிழிச்ச," என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது இரண்டாவது கோட்டுக்கு மார்க்கர் உயர்ந்தது.

"சார்." மார்க்கருக்குக் குறுக்கே கையை நீட்டினேன். "அம்பு இருக்கு சார். நான்தான் போடல. தப்பு என்னோடது."

"அப்படியா? எங்க போகுது?"

அதுதான் தெரியாது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. உளறினால் நானும் போவேன், அக்காவும் போவாள். அப்போது கண்ணாடிச் சுவருக்கு அப்பால், இரண்டு கையாலும் ஒரு தட்டைப் பிடித்தபடி அக்கா வேகமாக நடந்து போனாள். தட்டில் கலங்கிய மருந்து பாட்டில்கள்.

"பாத்துட்டு வந்து சொல்றேன் சார்," என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். நான் வரைந்த கறுப்பு மார்க்கரும் கையோடு வந்துவிட்டது.

"அக்கா! இதை எங்க எடுத்துட்டுப் போற?"

அவள் நிற்கவில்லை. "இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு? வா."

அனுப்பும் பிரிவைத் தாண்டினாள். கொள்முதலையும் தாண்டினாள். நடைவழியின் கோடியில் ஒரு சாம்பல் நிறக் கதவு இருந்தது. என் முப்பத்தொரு கட்டங்களில் அது எங்கேயும் இல்லை; நான் போடாத அம்பு அங்கேதான் போகிறது. அக்கா அதை முதுகால் தள்ளித் திறந்து, நான் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.