சனிக்கிழமைகளில் காணாமல் போனவள்

ஜெயமலர் சலவை இயந்திரத்துக்குள் ஒரேயொரு துவாயைப் போட்டு மூடியைச் சாத்தினாள். உள்ளே தண்ணீர் இரைந்து விழத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் நிரூபா குடியிருந்த கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் அந்தக் காலைப்பொழுதில் அவர்கள் இருவரையும் தவிர யாருமில்லை. இருந்தும் அவள் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"மேல வீட்டிலயே இருந்து கதைச்சிருக்கலாம். அவர் வேலைக்குப் போட்டார்" என்றாள் நிரூபா.

"சுவருக்கு அங்கால ஆர் இருக்கினம்?"

சுவருக்கு அங்கால் இருந்ததும் யாழ்ப்பாணத்துக் குடும்பம்தான்.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பெப்ரவரி மாதம். இருவரும் ஏழு வருடங்களுக்கு முன் ஒரே வகுப்பில் ஏ.எல். உயர்தரம் படித்தவர்கள். நிரூபா தொண்ணூற்று மூன்றில் ராகுலனைக் கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்துவிட்டாள். ஜெயமலர் வந்து எட்டு மாதம். மில்லிக்கனில் சின்னம்மா வீட்டு பேஸ்மென்டில் இருந்தாள். அடுத்த கிழமை அவளுடைய அகதி விசாரணை. பிறப்புச் சான்றிதழ் தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் எங்கோ போய்விட்டது; பாஸ்போட் வேறு யாருடையதோ, அதையும் ஏஜென்சிக்காரன் விமான நிலையத்திலேயே வாங்கிக்கொண்டான். ஜெயமலர் ஜெயமலர்தான் என்று காட்ட அவளிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. நிரூபா சேலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்த வகுப்பு நினைவு மலர்தான் கடைசியில் கைகொடுத்தது. சட்டத்தரணி அதைக் கண்டு மகிழ்ந்துபோய், பிரதி எடுத்து, மொழிபெயர்க்கக் கொடுத்து, வழக்குக் கோவையில் சேர்த்துவிட்டார்.

மலர் என்று பெயர்தான். மை கிடைக்காத காலம். பள்ளிக்கூடத்தில் பிரதி எடுக்கும் ரோனியோ இயந்திரத்தில் கொப்பித் தாள்களைச் செருகி முப்பது பிரதி அடித்தார்கள். இருபத்து மூன்று பெண்கள். ஒவ்வொருத்திக்கும் பெயர், ஊர், குணம், பொழுதுபோக்கு. எல்லாவற்றையும் எழுதியவள் நிரூபா. பாதியைப் பங்கருக்குள் இருந்து, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எழுதினாள். யோகமலரின் பொழுதுபோக்கு, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே வருவது சகடை விமானமா பொம்மர் விமானமா என்று சொல்வது. தனுசியா வெற்றுச் சவர்க்காரப் பேப்பர்களைச் சேர்த்து வைத்து, பரீட்சைக்கு முன் மணந்து பார்ப்பாள். துர்க்கா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு கையால் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்பாள். பாட்டு முடிவதற்குள் கை ஓய்ந்துவிடும், அதனால் எந்தப் பாட்டின் கடைசிச் சரணமும் அவளுக்குத் தெரியாது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த இருபத்து மூன்று பேரில் நான்கு பேர் இப்போது உயிரோடு இல்லை.

பதினொன்றாவது பெயர் ஜெயமலர். குணம்: கதைக்க மாட்டாள், ஆனால் சிரிப்பாள். பொழுதுபோக்கு: சனிக்கிழமைகளில் காணாமல் போவது.

"லோயர் கேக்கிறார், இதுக்கு என்ன அர்த்தமெண்டு" என்றாள் ஜெயமலர். "அங்க உன்னையும் கேப்பினமாம். எழுதினது நீதானே."

"பகிடிக்கு எழுதினது எண்டு சொல்லுவன்."

"பகிடியெண்டா எங்க போறனான் எண்டு கேப்பினம். இயக்கத்தில ட்ரெயினிங் எடுக்கப் போனவள் எண்டு நினைச்சா என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

நிரூபாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். சனிக்கிழமை மேலதிக வகுப்புக்கு ஜெயமலர் வரமாட்டாள். திங்கட்கிழமை வெயிலில் கறுத்துப்போன முகத்தோடு வருவாள். கேட்டால் ரியூசன் என்பாள். அதைத் துணிச்சல் என்று எண்ணி நிரூபா உள்ளுக்குள் பொறாமைப்பட்டதும் உண்டு.

"நீ எங்கதான் போனனீ?"

இயந்திரம் நின்று, தண்ணீரை வெளியேற்றி, மறுபடியும் சுற்றத் தொடங்கும்வரை ஜெயமலர் காத்திருந்தாள்.

"அண்ணாவுக்குச் சாப்பாடு கொண்டு போனனான்."

அண்ணன் அன்புராசா மற்ற இயக்கமொன்றில் ஆறு மாதம் இருந்துவிட்டு விலகி, தோட்டம் செய்துகொண்டிருந்தவன். தொண்ணூறில் அவனை, அப்போது ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கம் விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போனது. அவன் வெளியூருக்குப் போயிருப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் அவள் பதினான்கு மைல் சைக்கிள் உழக்கி, அவனை அடைத்து வைத்திருந்த முகாமின் கிடுகு வேலிக்கு வெளியே பார்சலோடு நிற்பாள். சில நாள் வாங்குவார்கள். சில நாள் வாங்காமல் திருப்பி அனுப்புவார்கள். வாங்கினால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று தாய் எடுத்துக்கொண்டாள்.

"மலர் அடிச்சு ரெண்டு கிழமையால வீட்டை ரெண்டு பேர் வந்தவங்கள். பள்ளிக்கூடத்தில என்ன கதைச்சுத் திரியிறீர் எண்டு கேட்டவங்கள். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் கையில வச்சிருந்தவங்கள். இனி முகாமடிக்கு வரக்கூடாது எண்டு சொல்லிப்போட்டுப் போனவங்கள்."

"பிறகு?"

"பிறகு நான் போகேல்லை."

நிரூபா இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. ஆனால் எந்தச் சொல்லை எடுத்தாலும் அது மிகச் சிறியதாக இருந்தது. "எனக்குத் தெரியாதடி" என்றாள்.

"தெரியும். எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான்."

"அப்ப உள்ளதைச் சொல்லுவம். அது உனக்கு உதவியாத்தானே இருக்கும்."

"அம்மாவும் தம்பியும் வன்னியில, இயக்கத்தின்ர கையில இருக்கினம், நிரூ. விசாரணையில மொழிபெயர்க்கிறது ஆர்? எங்கட ஆள்தான். அவர் வீட்டை போய் ஆரிட்டச் சொல்லுவார் எண்டு எனக்குத் தெரியுமோ? கொழும்பில பொலிஸ் என்னைப் பிடிச்சுப் பதினொரு நாள் வச்சிருந்தது உண்மை. அது காணுமெண்டு லோயர் சொல்றார். சனிக்கிழமைதான் பிரச்சினை."

அந்தக் கிழமை முழுவதும் நிரூபா, கதவு மணி அடித்தால் கண்ணாடித் துளையால் இரண்டு தரம் பார்த்தாள். அவளுடைய குடியுரிமை விண்ணப்பம் போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. ராகுலன் அதைத்தான் சொன்னான். "சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொன்னா உமக்கும் பிரச்சினை, எனக்கும் பிரச்சினை. சுகமில்லையெண்டு சொல்லிப்போட்டு வீட்டில நில்லும்." அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். தானும் அவனைப்போலவே பயந்தவள்தான் என்பது நிரூபாவுக்குத் தெரியும். ஆனால் கிழிந்த பக்கத்தோடு ஒரு வீட்டு வாசலில் இரண்டு பேர் நிற்பது கண்ணை மூடினாலும் தெரிந்தது. அந்தத் தாளில் இருந்தது அவளுடைய கையெழுத்து.

விசாரணை அறை சிறியது, ஜன்னல் இல்லாதது. நடுவில், தீர்ப்புச் சொல்லும் இடத்தில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் ஒரு முதியவரும் இருந்தார்கள். பக்கத்து மேசையில் மொழிபெயர்ப்பாளர் நவரட்ணம். ஐம்பது வயது இருக்கும், மண்ணிறக் கோட்டு, மெல்லிய குரல். நிரூபாவை உள்ளே கூப்பிட்டபோது ஜெயமலர் முழங்காலில் கைகளைக் கோத்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலர் உண்மையானதா, எங்கே அச்சடித்தது, இந்தப் பெண்தான் அந்த ஜெயமலரா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு, வெள்ளைக்காரப் பெண் மலரின் பக்கத்தைப் புரட்டி விரலால் தொட்டாள். நவரட்ணம் அதைத் தமிழில் சொன்னார்.

"சனிக்கிழமைகளில காணாமல் போறது எண்டு எழுதியிருக்கிறியள். எங்க போறவ எண்டு கேக்கினம்."

முதியவர் பேனாவை எடுத்தார்.

"ரியூசனுக்கு" என்றாள்.

"ஆரிட்ட எண்டு கேக்கினம்."

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஊரில் கெமிஸ்ரி படிப்பித்த ஒருவருடைய பெயர் வாயில் வந்தது. "சிவபாலன் மாஸ்ரரிட்ட. கெமிஸ்ரி. எனக்குப் போக வசதியில்லை. அந்த எரிச்சலில அப்பிடி எழுதினனான்."

நவரட்ணம் உடனே மொழிபெயர்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று விநாடியாவது இருக்கும். பிறகு அதே மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த அளவு ஆங்கிலம் நிரூபாவுக்குத் தெரியும்.

அரை மணி நேர இடைவேளைக்குப் பிறகு அந்தப் பெண் ஒரு தாளைப் பார்த்து வாசித்தாள். ஏற்றுக்கொண்டார்கள். சட்டத்தரணி ஜெயமலரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் அழவில்லை. "முடிஞ்சுதோ?" என்று மட்டும் நிரூபாவிடம் கேட்டாள். "ஓம், முடிஞ்சுது" என்றாள் நிரூபா.

லிஃப்டின் கதவு மூடப்போன நேரம் ஒரு கை இடையில் வந்தது. நவரட்ணம் உள்ளே வந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்தபடி நின்றார். ஒன்பது மாடி இறங்க வேண்டும். ஐந்தாவதைத் தாண்டும்போது பேசினார்.

"சிவபாலன் என்ர மச்சான்தான்."

இருவரும் அவருடைய முதுகைப் பார்த்தார்கள்.

"சனிக்கிழமையில அவர் ஒரு நாளும் படிப்பிச்சதில்லை. விரதகாரன். விடிய வெளிக்கிட்டா மத்தியானம்வரை கோயில்தான்."

கதவு திறந்தது. அவர் ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டார். "கவனமாப் போங்கோ, பிள்ளையள். வெளியில வழுக்கும்" என்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. பின்னால் அவர் வருகிறாரா என்று பாராமலே இருவரும் வேகமாக நடந்து சப்வே ரெயின் நிலையத்துக்குள் இறங்கினார்கள். மேடையின் ஒரு கோடிக்குப் போய் நின்ற பிறகு நிரூபா திரும்பினாள். மற்றக் கோடியில் மண்ணிறக் கோட்டு நின்றது. கையில் விரித்த பத்திரிகை.

"அவரும் வீட்டைதான் போறார் போல" என்றாள்.

"ஏறாத" என்றாள் ஜெயமலர். "அவர் போகட்டும். நாங்கள் எங்க இறங்கிறம் எண்டு அவருக்குத் தெரியக்கூடாது."

ரெயின் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கதவுகள் மூடி, ரெயின் போய், காற்று ஓய்ந்தபோது மேடையில் மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அவரும் ஏறவில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

ஜெயமலரின் விரல்கள் நிரூபாவின் கையுறைக்குள் நுழைந்து உள்ளங்கையைத் தேடின. சுரங்கத்தின் வளைவுச் சுவரில் அடுத்த ரெயினின் வெளிச்சம் மெல்ல ஊர்ந்து வந்தது. நவரட்ணம் பத்திரிகையை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அவர்கள் நின்ற பக்கம் பார்த்தார்.