மூலை கறுத்த கார்டு

1

நடுவழியில் ஒரு பஸ் நின்றதால் கிடைத்த கதை இது. 1953 ஆடி மாதம், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற பஸ் சூளகிரி மேட்டில் படுத்துவிட்டது. ஓசூர் பஸ் ஷெட்டிலிருந்து வந்து அதைச் சரிசெய்தவர் பெயர் சின்னராஜ். யுத்தத்தின்போது பர்மா எல்லையில் விமானப்படை மெக்கானிக்காக இருந்தாராம். நான் கதை எழுதுகிறவன் என்று சொன்னேன்.

"அப்படீன்னா எங்க வீட்டுல என்னைச் சாகடிச்ச கதைய எழுதுங்க சார்" என்றார். சிரிக்கவில்லை.

மீதியைக் கேட்டதிலிருந்து எனக்குக் கோபம். கோபத்தோடு எழுதினால் கதை கெட்டுப்போகும் என்பார்கள். கெடட்டும்.

2

ஆரம்ப வரிகளை எழுதி எழுதி அடித்தேன். அடித்ததை நீங்களும் பாருங்கள்.

நீல வானில் இரும்புப் பறவைகள் சீறிப் பாய்ந்த அந்த...

(சின்னராஜ் பறந்ததே இல்லை. கிழிந்த இறக்கைக்குத் துணி ஒட்டுவதும், சேற்றில் புதைந்த சக்கரத்தைத் தள்ளுவதும்தான் அவருடைய யுத்தம்.)

தாய்நாட்டுக்காக உயிரைத் துச்சமென மதித்து...

(எந்த நாட்டுக்காக என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. வேலை கொடுத்தார்கள், போனார்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். கூடாரத்துக்குள் ரத்தம் குடிக்கிற அட்டை. கல் கடிபடும் சோறு, டப்பா மீன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கவிழ்த்த பெட்ரோல் டின் மேல் வைத்து வீட்டுக்கு ஒரு கார்டு. அதுவும் இங்கிலீஷில். தமிழில் எழுதினால் தணிக்கை ஆபீசில் கிடந்து தூங்கும் என்று பயம். இருக்கிற இடத்தின் பெயரை எழுதக்கூடாது என்பது உத்தரவு. ஒரு ஞாயிறு, பழக்கதோஷத்தில், மேல் மூலையில் தேதியோடு ஊர்ப் பெயரையும் போட்டுவிட்டார். தணிக்கை அதிகாரி அந்த மூலையைக் கறுப்பு மையால் மெழுகி அனுப்பிவைத்தார்.

மூலையில் கறுப்பு தடவிய கார்டு சாவுச் செய்திக்கு வரும். அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகுவார்கள். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அதிகாரிக்கு எங்கே தெரியப்போகிறது?

(கார்டில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டேன். "என்னா எழுதுவேன். மழை விடல, சிவப்பு மாடு கன்னு போட்டுச்சா, வெள்ளையம்மாவ வெயில்ல அலைய வேணாம்னு சொல்லுங்க, அவ்ளோதான்." வெள்ளையம்மா அவருடைய மனைவி.)

3

கிழித்தவர் சின்னராஜின் அண்ணன் நாராயணப்பன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தபால்காரருக்கோ விலாசம் படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். மற்ற கார்டுகளைப் போல இதையும் ஓசூருக்குக் கொண்டுபோய் யாரிடமாவது காட்டியிருக்கலாம்.

"படிக்க என்னா இருக்குது? மூலையே சொல்லுதே" என்றாராம் அண்ணன்.

வெள்ளையம்மாவின் தாலியை அறுத்தார்கள். வளையலை உடைத்தார்கள். பாரூரில் இருந்த அவருடைய கூடப்பிறந்த தம்பி வீட்டுக்கு அவரை அனுப்பிவிட்டார்கள். யுத்தத்தில் தபால் தடைபட்டு, சில மாதங்கள் கழித்துத்தான் அடுத்த கார்டு வந்தது, மூலை வெள்ளையாக. யுத்தம் முடிந்ததும் ஆளே வந்து நின்றார். அண்ணன் ஆடு வெட்டி ஊருக்குச் சோறு போட்டார். வெள்ளையம்மாவை மட்டும் கூப்பிடவில்லை.

"அறுத்தது அறுத்ததுதான்டா. மறுபடியும் அவ கழுத்துல ஏறுனா உனக்கு ஆவாது. வேற பொண்ணு பாக்கறேன்."

செத்தவன் திரும்பி வந்தால் விருந்து. அவன் பெண்டாட்டி திரும்பி வந்தால் மட்டும் அபசகுனமா? இந்த இடத்தில் ஆசிரியன் குறுக்கே வரக்கூடாது என்பது இலக்கணம். வருகிறேன். என்ன அக்கிரமம் ஐயா இது.

4

என் கதாநாயகன் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வாஸ்தவம். ஆனால் ஏழு வருஷமாகப் பாரூர் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. கேட்டால், "அண்ணன் பேச்சைத் தட்ட முடியல சார்" என்கிறார். குண்டு விழுகிற இடத்தில் நின்று வேலை பார்த்த மனிதர்.

எழுதியவரை அனுப்பினேன்; மெட்ராஸ் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அந்தப் பாதிக் கதையைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். "விமானம், போர் எல்லாம் இருக்கட்டும். தாலிச் சமாசாரம் வேண்டாம், குடும்பப் பெண்கள் படிக்கிற பத்திரிகை." குடும்பப் பெண்ணுக்கு நடந்ததைக் குடும்பப் பெண்கள் படிக்கக்கூடாதாம்.

5

முடிவு ஒன்று: பாரூர் ஏரிக்கரை. சின்னராஜ் புதுத் தாலியோடு வருகிறார். வெள்ளையம்மாவின் கண்களில்...

முடிவு இரண்டு: நாராயணப்பன் மனம் திருந்தி...

(திருந்தவில்லை. போன வாரம்கூடத் தம்பிக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தார்.)

முதல் முடிவைச் சின்னராஜிடம் படித்துக் காட்டினேன். உடனே, "தை மாசம் கட்டிடறேன் சார். அண்ணன் என்னா வேணா சொல்லட்டும். நீங்க போய் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். போனேன். கதை நிஜமாகப் போகிறதே என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

வெள்ளையம்மா கரும்பிலிருந்து காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அறுக்கறப்பவும் என்னை யாரும் கேக்கலைங்க. இப்ப கட்டறதையும் நீங்க ரெண்டு பேருமே பேசி முடிச்சிட்டீங்களா?"

உரித்த சோகையை ஒரு பக்கமாக ஒதுக்கிப் போட்டார்.

"ஓசூர்லருந்து இங்க பஸ் வருதுங்க. அவரு ரிப்பேர் பாக்கற பஸ்ஸுதான்."

"கதையில நீங்க ஒண்ணு சேந்தா படிக்கிறவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்மா" என்று உளறினேன்.

"அவங்களுக்கு மனசு ஆறிடும். எனக்கு ஆற வேணாமுங்களா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கரும்புக்குப் போய்விட்டார்.

6

ஓசூர் திரும்பி, ஷெட்டுக்குப் போய், ஒரு வார்த்தை குறைக்காமல் சின்னராஜிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். பிறகு கேட்டார்: "அப்ப கட்டிக்க மாட்டேங்கறாளா சார்?"

எனக்கு வந்த கோபத்தில், "அதை என்கிட்டக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கதை எப்படி முடிந்தது என்று கேட்கப்போகிற உங்களுக்கும் அதே பதில்தான்.