காய்ந்த பிறகு பார்ப்பவர்

1

இலக்கியம் என்பது, மனிதன் வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்லத் துணியும் பேரறம்.

இந்த வாக்கியத்தை மூன்று மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது இதை எழுதிவிட்டு, கதைக்கு வேண்டிய ஒரு சொல்லை எழுதப் போனேன். கை ஓடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து எழுதினேன்: ஹெர்பீஸ். வீட்டில் யாரும் இல்லை.

கதை கிடைத்த விதத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அறைச் சுவருக்காகப் பெயிண்ட் கடைக்குப் போயிருந்தேன். அங்கே நிறம் கலக்குபவர் ஒருவர் இருக்கிறார். பெயர்ந்த காரைத் துண்டையோ பழைய சட்டையையோ நீட்டினால் அச்சு அசலாக அதே நிறத்தைக் கலந்து தருவார். வயது நாற்பத்தாறு. மனைவி இறந்து ஐந்து வருடம். அன்று என் டப்பாவை மூடிவிட்டுக் கடையின் பின்பக்கம் கூப்பிட்டார்.

"சார், நீங்க கதை எழுதுறவர்தானே? ஒரு போன் பேசணும். என்ன பேசணும்னு எழுதிக் குடுங்க."

2

முதல் தொடக்கம்: 'அந்தப் பிற்பகலில் இரண்டு தனிமைகள் ஒன்றையொன்று—'

(வேண்டாம். தனிமைகள் படுப்பதில்லை. ஆட்கள்தான்.)

இரண்டாம் தொடக்கம்: 'அவர் ஒரு மஞ்சள் வேனில் வந்தார்.'

இது உண்மை, அதனால் இருக்கட்டும். அவர் பள்ளி வேன் ஓட்டும் பெண். கணவரைப் பிரிந்து எட்டு வருடம். வேன் கதவில் ஒரு கீறல், அதற்கு அதே மஞ்சள் வேண்டும். நிறம் கலக்குபவர் கலந்து தடவிக் காட்டினார்.

"இது வேற மஞ்சளால்ல இருக்கு?"

"காயட்டும்மா. காஞ்சாத்தான் தெரியும்."

காயும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரமும் வந்தார். வேனில் கீறல் ஏதும் இல்லை. மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இவர் வீட்டில்—

(இங்கே இரண்டு பக்கம் எழுதினேன். மழை, அசையும் திரைச்சீலை, ஜன்னலில் ஒரு புறா. நிறம் கலக்குபவருக்குப் படித்துக் காட்டினேன். "புறாவெல்லாம் இல்ல சார். ஃபேன் கடகடன்னு சத்தம் போட்டுச்சு, நிறுத்திட்டோம். வேர்த்துச்சு. அவ்ளோதான்" என்றார். இரண்டு பக்கமும் போயிற்று.)

ஆறாம் நாள், இவருக்குச் சொல்லக் கூசும் இடத்தில், கடுகு அளவில் மூன்று சிவப்புக் கொப்புளங்கள். எரிச்சல்.

3

இனி அவர் செய்த தப்பு. வேறு எந்தத் தொழில்காரரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

நிறம் கலக்குபவரின் வேதம் ஒரே வரிதான்: ஈரத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு. ஆகவே மனிதர் காத்திருந்தார். தினமும் காலையில் குளியலறையில், நிறங்களை வரிசையாக அச்சடித்த கடை அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து நிற எண்ணைக் குறித்துக்கொண்டார். முதல் நாள் செங்கல் சிவப்பு. நாலாம் நாள் ஒரு மாற்றுக் குறைவு. பத்தாம் நாள் நன்றாகக் காய்ந்து பொருக்குத் தட்டியது. இனிக் காட்டலாம் என்று, அட்டையும் கையுமாகப் போனார்.

டாக்டரம்மா கேட்டாராம், "எப்ப வந்துச்சு?"

"பத்து நாளாச்சு டாக்டர். காயட்டும்னு இருந்தேன்."

"எதுக்கு?"

"காஞ்சாத்தானே சரியான நிறம் தெரியும்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாராம். "ஐயா, இது சுவர் இல்ல. ஈரமா இருக்கறப்பவே வந்திருந்தா அதுல தொட்டு எடுத்து அனுப்பியிருப்பேன். என்னன்னு தெரிஞ்சிருக்கும். இப்ப எதைத் தொட்டு எடுக்கறது? ஹெர்பீஸாவும் இருக்கலாம், முடி வேர்ல வந்த வெறும் புண்ணாவும் இருக்கலாம். மூணு மாசம் கழிச்சு ரத்தத்துல பார்ப்போம்."

"அதுவா இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். முழுசா போகாது, மாத்திரைக்கு அடங்கும். நிறைய பேர் தங்களுக்கு இருக்கறது தெரியாமலே இருக்காங்க. ஆனா அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"யார்கிட்ட?"

"யார்கிட்டன்னு உங்களுக்குத் தெரியும்."

(ஓரக் குறிப்பு: எங்கள் இலக்கிய வட்டத் தலைவர் இந்நோய்க்குத் தூய தமிழில் ஒரு பெயர் வைத்திருப்பார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் புண் ஆறிவிடும்.)

4

நான் எழுதிக்கொடுத்த முதல் வரைவு: 'அன்புத் தோழி, காலம் நம்மிடையே ஒரு கேள்வியை—'

"சார், இதக் கேட்டா நான் சாகப் போறேன்னு நெனச்சுக்குவாங்க."

இரண்டாம் வரைவில் கறாராக இருந்தேன்: யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்டுவிட வேண்டும். அவர் தலையை ஆட்டினார்.

"அதுவா சார் முக்கியம்? அவங்களுக்கும் வந்திருந்து, சொல்லப் பயந்துகிட்டு அங்க தனியா உக்காந்திருந்தா?"

அதுவரை இந்தப் பாத்திரத்தைத் தனக்காகப் பயப்படும் ஆளாகத்தான் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டு—

(அடித்தேன். மாற்றி எழுத எனக்கு நேரம் தரவில்லை. அவரே எண்ணை அழுத்திவிட்டார்.)

கையெல்லாம் பெயிண்ட். அதனால் ஸ்பீக்கரில் போட்டு டப்பாவின் மேல் போனை வைத்தார்.

"சொல்லுங்க."

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு. இதக் கேக்கறதுக்கா ரெண்டு வாரமா போனே பண்ணல?"

ஒரே மூச்சில் சொன்னார். கொப்புளம், காத்திருந்தது, டாக்டர், மூன்று மாதம். 'தெரியல' என்ற சொல் ஆறு தடவை வந்தது. பெயிண்ட் கிளறும் குச்சியை இவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் வேற நெனச்சேன்" என்றார் அந்தப் பெண்.

"என்ன?"

"அன்னிக்கு என் வயித்துல ஆபரேஷன் தழும்பப் பார்த்தீங்கல்ல. அதான் பிடிக்காம போயிடுச்சுன்னு."

"ஐயையோ! அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா இல்ல."

அங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "அந்த அட்டைய வச்சா பார்த்தீங்க?"

"ம்."

"தினமுமா?"

"ம்."

"சரி, அத வேற யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் டப்பாக்களைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் வரல. வந்தும் தெரியாம இருந்திருக்கலாம். நானும் பார்த்துடறேன். ஒண்ணாவே போவோம். வேன்லயே."

"ஸ்கூல் வேன்லயா?"

"பின்ன, பல்லக்கா அனுப்புவாங்க?"

5

முடிவு. இருவருக்கும் இல்லை என்று வரலாம். இருவருக்கும் உண்டு என்று வரலாம். ஒருவருக்கு மட்டும்—

ரத்தம் கொடுக்க இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. எனக்கும் தெரியாது. விருப்பப்பட்டதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தண்டனை கொடுத்தால்தான் தூக்கம் வரும் என்றால் அதையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பேனாவில்.

போனை வைத்ததும், "பயமா இருக்கா?" என்று அவரிடம் கேட்டேன்.

"இருக்கு சார். ஆனா ஞாயித்துக்கிழமை வர்றேன்னுட்டாங்க. சும்மா பேசிட்டிருக்க."

பிறகு குச்சியை வைத்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்து, நன்றி என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வரியில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை.

கை குலுக்கினால் இது ஒட்டாது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன்.