இருபத்திரண்டு வருடத் துரு

தினமும் நாலு மணிக்கு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு காரைத் தேடப் புறப்படுவார். கார் காணாமல் போகவில்லை; போன வருடம் நாங்கள்தான் பழைய இரும்புக்குப் போட்டோம். அதில் போய் அம்மாவை ஆபீசிலிருந்து கூட்டி வர வேண்டும் என்பது அவருடைய அவசரம். அம்மா இறந்து ஆறு வருடமாகிறது.

அப்பாவின் காலண்டர் கார் வாங்கிய வருடத்தோடு நின்றுவிட்டது. அந்த வருடத்தில் நான் பிறக்கவில்லை. ஆகவே என்னை மாடியில் குடியிருக்கும் பையன் என்று முடிவு செய்து, "தம்பி, படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்று அக்கறையாக விசாரிப்பார். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. அக்கா அம்மாவை உரித்து வைத்தவள் என்பதால் அவளை மச்சினியாக்கிவிட்டார். அவள் அறைக்குள் வந்தால் நீட்டிய காலை மடக்கிக்கொள்வார்.

உண்மையை இரண்டு முறை சொல்லிப் பார்த்தோம். இரண்டு முறையும் அன்றுதான் செய்தி வந்தது போல அழுதார். தூங்கி எழுந்ததும் சட்டையைத் தேடினார். மூன்றாம் முறை கிடையாது என்று அக்கா சட்டம் போட்டாள். கதவைப் பூட்டினால் உள்ளங்கை வீங்கும்வரை தட்டினார். ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா குளிக்கப் போன நேரத்தில் வெளியேறி, பெரிய சாலையின் நடுவில் நின்று கை காட்டி ஒரு லாரியை நிறுத்தி, அதன் பம்பரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். லாரிக்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

"வண்டில குறை ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரும்மா," என்றார் அக்காவிடம். "இன்னைக்கு பிரேக் பிடிச்சுது. தினம் பிடிக்கும்னு நான் எழுதித் தர முடியாது."

அக்கா அன்று சாப்பிடவில்லை.

கடையில் துண்டு துண்டாகப் பெட்டியில் விற்கும் சின்னப் பிளாஸ்டிக் கார்களை நான் ஒட்டிச் சேர்ப்பவன். மீசை முளைத்த பிறகும் பொம்மையா என்று அக்கா கேட்காத நாள் இல்லை. எங்கள் காரே அதில் ஒரு சாண் நீளத்துக்கு வருகிறது. பம்பர், முன்பக்கக் கிரில், விளக்கு வளையங்கள் எல்லாம் குரோம் பூசி, கண்ணாடி மாதிரி பளபளவென்று வரும். அதை அப்பாவுக்காக ஒட்டி, கிழடாக்கிக் காட்டுவது என் திட்டம். கார் பழசாகிவிட்டது, விற்றுவிட்டோம், அம்மா இனி பஸ்ஸில் வந்துவிடுவார் என்று சொன்னால் அவர் சாலைக்குப் போக வேண்டியதில்லை. பொய்க்குப் பொம்மை வேறயா என்றாள் அக்கா. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் முயற்சி ஒரே நாளில் முடிந்தது. மங்கல் வார்னிஷ் அடித்தேன், கிள்ளிய ஸ்பாஞ்சால் பழுப்பு நிறத்தை அங்கங்கே ஒற்றினேன், பெருமையோடு நீட்டினேன். அப்பா மேஜை டிராயரிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அவர் முப்பது வருடம் இன்சூரன்ஸ் சர்வேயர். இடிபட்ட வண்டிகளைப் பார்த்து, அடி எது, துரு எது, பொய் எது என்று எழுதியவர்.

"நடு பம்பர்ல ஆரம்பிச்சிருக்கு," என்றார். "துரு அப்படி வராது தம்பி. யாரோ வேணும்னே வரவழைச்சிருக்கான். இது பாஸ் ஆகாது."

பெற்ற பிள்ளையை மறந்தவர் துருவை மறக்கவில்லை. ரோஷம் வந்துவிட்டது எனக்கு. காலேஜுக்கு மட்டம் போட்டு, ஒரு ஒர்க்‌ஷாப்பின் பின்புறம் கழற்றிப் போட்ட பம்பர்களின் முன்னால் மூன்று நாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். திருட வந்தவன் என்று நினைத்த மெக்கானிக், மூன்றாம் நாள் மனநிலை சரியில்லாதவன் என்று திருத்திக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார். குரோம் பொதுவாக நிறம் வெளுப்பதில்லை; ஊசித் துளைகளாக விட்டுக்கொடுக்கிறது. உள்ளே இருக்கும் இரும்பு ஒவ்வொரு துளையிலும் பழுப்பாக எட்டிப் பார்க்கிறது. போல்ட்டைச் சுற்றி, சேறு தங்கும் கீழ் விளிம்பில் முதலில் வருகிறது. தினமும் துணி படும் மேல்பக்கம் கடைசிவரை மின்னுகிறது.

அதன் பிறகு ஊசி முனையால் ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன். தண்ணீராய்க் கரைத்த கறுப்பைக் கிரில் இடுக்குகளில் ஓடவிட்டேன். விளிம்புகளில் பென்சில் தூளைத் தேய்த்தேன். இடது மூலையில் பிளேடால் குரோமைச் சுரண்டி உரித்தேன். மேல்பக்கத்தை மட்டும் தொடவில்லை. அப்பா காரைத் தினமும் துடைத்தவர். பத்து நாள் ஆயிற்று. இதுவரை நான் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு அவர் கையில் கொடுத்தேன். ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அக்கா வாசற்படியில் நின்றாள்.

"நம்ம வண்டி," என்றார். "நல்லா வெச்சிருக்கேன். இருந்தாலும் இருபது... இல்ல, இருபத்திரண்டு வருஷம்."

"ஆமாப்பா. அதான் வித்துட்டோம்," என்றேன். வாய் தவறி 'அப்பா' வந்துவிட்டது.

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அறிக்கை எழுதும்போது செய்வது போல உதடு அசையக் கணக்குப் போட்டார்.

"வண்டி வாங்கும்போது அவளுக்கு முப்பத்தெட்டு. கூட இருபத்திரண்டு, அறுபது. ரிட்டயர் ஆகியிருக்கணும்." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அப்ப நாலு மணிக்கு நான் யாரைக் கூட்டிட்டு வரப் போறேன்?"

நான் காரை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"ரிட்டயர் ஆனா வீட்ல இருக்கணும்," என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். அக்காவின் மேல் பார்வை நின்றது. "நீ மச்சினி இல்ல. உனக்கு அவளைவிட வயசு கம்மியா இருக்கு, என் மூக்கு இருக்கு. எப்பம்மா நடந்தது?"

"ஆறு வருஷமாச்சுப்பா."

"நான் பக்கத்துல இருந்தேனா?"

"கையப் பிடிச்சிட்டே இருந்தீங்க."

அவர் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என் பக்கம் திரும்பி, எனக்கு என்ன வயது என்று கேட்டார். இருபது என்றேன். கணக்குச் சரியாக வருகிறது என்பது போலத் தலையசைத்தார். காரை மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

"வேலை சுத்தம்டா. ஒரு குறை சொல்ல முடியாது," என்றார். "காலைல மறந்துடுவேன், இல்ல? இதை மறுபடி என் கண்ணுல காட்டாதே."

மறுநாள் விடிந்ததும் பஞ்சைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்துத் துருவைத் துடைத்துப் பார்த்தேன். துருவோடு குரோமும் சேர்ந்து வந்தது. அடியில் இருந்தது வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி, செய்தித்தாளில் சுற்றிப் பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினாள்.

நாலு மணிக்கு அப்பா சட்டை மாட்டினார். மாடிப் பையனிடம் வண்டி எங்கே என்று கேட்டார். ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறது சார், நடந்தே போவோம் என்றேன். அவரை உள்பக்கம் விட்டு, சாலைப் பக்கமாக நான் நடந்தேன். அம்மா வேலை பார்த்த ஆபீஸ் கேட்டில் ஐந்தரைவரை நின்றோம். வெளியே வந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார்.

"முன்னாடியே கிளம்பிட்டா போலிருக்கு தம்பி," என்றார் அப்பா. "வீட்ல தனியா இருப்பா."

திரும்பும்போது என்னைவிட வேகமாக நடந்தார்.