பேச்சுக் கொடுக்காத அம்மா

சுகாதார நிலையத்தில் ஊசி போடும் அறையின் வாசலில் நர்ஸின் கை தவறி எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தது. விழுந்ததோடு விட்டதா? சிமெண்டுத் தரையில் உருண்டு, சுவரில் மோதி, வட்டமடித்து ஒருவழியாக அடங்கியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் வீறிட்டு அழுதன. மாத்திரை கொடுக்கிறவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அங்க யாராவது உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டார்.

இரண்டரை வயதுச் சிட்டு மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டு விழுந்த இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மை டீச்சரின் பைக் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

பொம்மை டீச்சர் தட்டையும் சிட்டுவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டீச்சர் என்று பேர்தானே தவிர, அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. சின்னக் குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றி அந்தப் பக்கத்து ஊர்களில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பை நிறையப் பொம்மைகளோடு வீடு வீடாகப் போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று அம்மாக்களுக்குச் சொல்லித்தருவது அவள் வேலை. கெட்டிக்காரி. கெட்டிக்காரி என்பது அவளுக்கே கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அதுதான் கோளாறு.

சிட்டுவின் அம்மா வீட்டிலிருந்தே தைக்கிறவள். கம்பெனிச் சட்டைகளை மூட்டையாக வாங்கி வந்து காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுப்பாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் தங்குவது அபூர்வம். மீதி இருந்தது மாமியார். டீச்சர் எப்போது போனாலும் தையல்காரியின் உதடுகளுக்கு நடுவே ஒரு ஊசியோ நூல் துண்டோ இருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாள். அவ்வளவுதான் பேச்சு.

"கண்ல படறதையெல்லாம் சொல்லும்மா. இது வாளி, வாளியில தண்ணி, அம்மா தண்ணி மோந்து ஊத்தறேன். முகத்தை நல்லா மலர்ச்சியா வெச்சுக்கோ. அவளுக்குப் புரியுதா இல்லையான்னு பாக்காத, நீ பாட்டுக்குச் சொல்லிட்டே இரு."

"தினமும் பேசறேன் டீச்சர். நீங்க வரும்போதுதான் வாய் வரமாட்டேங்குது. கூச்சமா இருக்கு."

டீச்சர் அதை நம்பவில்லை. எத்தனை அம்மாக்களைப் பார்த்திருக்கிறாள்! வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, கேட்டால் 'தினமும்' என்று சொல்கிறவர்களை அவள் கண்ணாலேயே அளந்துவிடுவாள். சிட்டுவுக்கு இரண்டு வயது தாண்டியும் 'அம்மா' என்று ஒரு சொல் வராததைக் கண்டதும், தான் அளந்தது சரிதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அப்புறம் ஒருநாள், கிளம்புகிற அவசரத்தில், வாசலில் நின்ற மாமியாரிடம் போகிற போக்கில் சொன்னாள்: "உங்க மருமக வாயத் திறந்தாத்தானே பிள்ளை வாயத் திறக்கும்? பேச்சு சத்தமே இல்லாத வீடு. நாலு பேர் இருக்கற இடத்துல வளர்ந்திருந்தா இந்நேரம் இவ பொரிஞ்சு தள்ளியிருப்பா."

டீச்சருக்கு அது பேச்சுவாக்கில் வந்த வார்த்தை. அந்த வீட்டுக்கு அது தீர்ப்பு. படித்தவள் சொல்லிவிட்டாள், ஆராய்ச்சி செய்கிறவள் சொல்லிவிட்டாள். லாரிக்காரன் அடுத்த முறை வந்தபோது பெற்ற தாயும் மகனும் உட்கார்ந்து பேசினார்கள். டவுனில் அவன் அக்கா இருந்தாள், அவளுக்கு நான்கு பிள்ளைகள், நான்கும் வாயாடிகள். பேச்சு வருகிற வரைக்கும் சிட்டு அத்தை வீட்டில் இருக்கட்டும் என்று கொண்டுபோய் விட்டார்கள். தையல்காரி லாரிக்குப் பின்னால் தெருமுனை வரை ஓடினாளாம். அதைக் கேள்விப்பட்டபோது டீச்சர் என்ன நினைத்தாள் தெரியுமா? 'பாவம்தான், ஆனா பிள்ளைக்கு நல்லது' என்று நினைத்தாள். அதோடு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியும் விட்டாள்.

இப்போது அத்தை சிட்டுவைச் சளிக்குக் காட்ட அழைத்து வந்திருந்தாள். "சளி விட்டபாடில்ல டீச்சர். எங்க வீட்டுக் கூச்சலுக்கு சுவரு கூடப் பேசும். இவ மட்டும் அசைய மாட்டேங்கறா" என்று அலுத்துக்கொண்டாள்.

டீச்சர் சிட்டுவைத் தூக்கிக்கொண்டு நேரே டாக்டரிடம் போனாள். டாக்டர் குழந்தைக்குப் பின்னால் நின்று மேஜை மணியை அடித்தார். கை தட்டினார். பேரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். சிட்டு மேஜைமேல் இருந்த பேனா மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒன்றரை வயசுல நீங்கதானே சோதிச்சீங்க? சொன்னதைப் புரிஞ்சு எடுத்துக் குடுக்கறான்னு சொன்னீங்களே?" என்று கேட்டார் டாக்டர்.

சொன்னாள்தான். உண்மையில் சோதிக்க வேறொரு பெண் வர வேண்டும், சொல்லித்தருகிறவளே சோதிக்கக் கூடாது. அந்தப் பெண் பிரசவத்துக்குப் போயிருந்ததால் இவளே செய்தாள். பந்து, கிண்ணம், ஸ்பூன், செருப்பு நான்கையும் வரிசையாக வைத்துவிட்டு, குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, 'பந்தை எடு' என்று கேட்க வேண்டும். பந்தைப் பார்க்கவே கூடாது. பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆனால் சிட்டு அப்படியொரு குழந்தை. எதிரில் உட்கார்ந்தால் கண்ணை எடுக்காமல் பார்க்கும், பளிச்சென்று சிரிக்கும். அது ஜெயிக்க வேண்டும் என்று டீச்சருக்கு ஆசையாக இருந்தது. 'பந்து எங்க?' என்று கேட்டபோது அவள் கண் பந்துக்குப் போனது. 'செருப்பு எங்க?' என்றபோது செருப்புக்குப் போனது. சிட்டு அந்தக் கண்ணைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் கை தட்டினாள்.

"காது கேக்காத பிள்ளைங்க முகத்தைப் படிக்கறதுல கில்லாடிங்க. கேக்கும்போது பொருளை ஏதாவது பாத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர்."

யோசிப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது. பிள்ளையைப் பெற்றவள் சொன்ன உண்மையைப் பொய் என்று தள்ளியவள், தன் பொய்யை இவ்வளவு சுளுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு முகம் சிவந்து தரையைப் பார்த்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். இரண்டு காதும் கேட்காது, பிறந்ததிலிருந்தே. "காலம் போயிடல. மெஷின் மாட்டிப் பழக்கலாம், ஆபரேஷன் சரிவருமான்னு பாக்கலாம், கைஜாடையும் கத்துக்குடுக்கணும். ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார் அங்கிருந்த காது டாக்டர். கடைசி வாக்கியத்தை அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. டீச்சருக்கு அது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

வெளியே வந்து ஆராய்ச்சியின் தலைவிக்கு போன் செய்தாள். மேடம் நல்ல மனுஷிதான், பதறிப்போனாள். பிறகு சொன்னாள்: "தப்பு எங்க வேணா நடக்கும்மா. 'அப்ப சோதனையில தெரியல, இப்ப தெரிஞ்சிருக்கு'ன்னு சொல்லிட்டு வந்துடுங்க. அதுக்கு மேல எதுவும் பேசிக்கிட்டு நிக்காதீங்க."

அப்பாடா என்று இருந்தது டீச்சருக்கு. அப்பாடா என்று இருந்ததே, அதற்காகவும் உடனே வெட்கமாக இருந்தது.

சிட்டுவை வீட்டில் விட்டுவிடட்டுமா என்று அத்தையிடம் கேட்டாள். "தாராளமா கூட்டிட்டுப் போங்க. முதல் நாள் போன்ல பெத்தவ அழுத அழுகை இன்னும் என் காதுலயே இருக்கு. அப்புறம் போன் பண்ணாக்கூட என் தம்பி பொண்டாட்டி இவ சாப்பிட்டாளான்னு மட்டும்தான் கேப்பா, வேற வார்த்தை வராது" என்றாள் அத்தை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிட்டு டீச்சரின் மடியில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தாள். டீச்சர், மேடம் கொடுத்த வாக்கியத்தை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

தையல்காரி வாசலுக்கு நேரே, வெளிச்சத்தில், சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். டீச்சரின் தோளில் சாய்ந்து தெருவைப் பார்த்தபடி இருந்த குழந்தையின் முதுகைப் பார்த்ததுமே ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"சிட்டு!"

குழந்தை திரும்பவில்லை.

"சிட்டும்மா! அம்மாடி!"

தெருவில் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான், சிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். நீட்டின கை பாதியில் இறங்கியது.

"என்னை மறந்துட்டாளா டீச்சர்?"

அவ்வளவு நேரம் பாடம் பண்ணி வைத்திருந்த வாக்கியம் எங்கே போனதோ!

"மறக்கலம்மா. நீ கூப்பிட்டது அவளுக்குக் கேக்கல. காதே கேக்காதாம். பிறந்ததுலேருந்தே."

சத்தம் கேட்டு உள்ளிருந்து மாமியார் வந்தாள். "என்ன சொல்றீங்க டீச்சரம்மா? காது கேக்காதா? நீங்கதானே எல்லாம் வெச்சு சோதிச்சீங்க? நல்லாப் புரிஞ்சுக்கறான்னு சொன்னீங்களே?"

"அது வந்து... அப்ப சரியா கவனிக்கப்படல."

"யாரு கவனிக்கல?"

கிழவி குத்திக்காட்டக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனாலேயே டீச்சருக்குத் தப்பிக்க வழி இல்லாமல் போயிற்று.

"நான்தான். பொருளைப் பாக்காம கேக்கணும். நான் பாத்துப் பாத்துக் கேட்டேன். அவ என் கண்ணை வெச்சு எடுத்துக் குடுத்தா. காது கேக்குதுன்னு நான் நெனச்சுட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அது மட்டும் இல்லம்மா. உங்க மருமக பேசலன்னு சொன்னேனே, அதுவும் என் தப்பு. அவ பேசறேன்னுதான் சொன்னா. நான் நம்பல. அவ பேசினதுக்கும் பேசாததுக்கும் இதுல ஒரு சம்பந்தமும் இல்ல."

மாமியார் மருமகளைப் பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள். உள்ளே பாத்திரங்கள் காரணமில்லாமல் உருண்டன. அவளும் இத்தனை மாதம் 'வாய் செத்தவ' என்று என்னென்னவோ சொல்லியிருப்பாள் அல்லவா?

தையல்காரி அழவில்லை. "அப்ப நான் சொன்னதெல்லாம்?" என்றாள். "காலையில எழுந்ததுலேருந்து சொல்லுவேன் டீச்சர். வாளி, தண்ணி, நூலு, காக்கா, அப்பா எந்த ஊருக்குப் போயிருக்காரு, எப்ப வருவாரு, எல்லாம் சொன்னேன். தொண்டை கட்டிக்கிட்டாலும் சொன்னேன். அதுல ஒண்ணுகூட...?"

"கேட்டிருக்காது."

டீச்சர் அழ ஆரம்பித்தாள். அழ வேண்டியவள் நிற்க, தான் அழுவது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. சிட்டுவைக் கீழே இறக்கிவிட்டாள். இறங்கியதும் குழந்தை இந்தப் பக்கம் திரும்பியது. அம்மாவைப் பார்த்தது.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. கிட்டே போய், அம்மா தரையில் உட்கார்ந்ததும், அந்த முகத்தையே உற்றுப் பார்த்தது. பிறகு சின்னக் கையால் அவள் தாடையைப் பிடித்து ஆட்டியது. அசையாமல் இருந்த வாயை அசைக்கச் சொல்லி ஆட்டியது.

தையல்காரிக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் துடைத்தாள். டீச்சர் எதிரில் ஒரு வருஷமாக வராத பேச்சு, கூச்சம் எதுவும் இல்லாமல், முகம் கொள்ளாத சிரிப்போடு வந்தது.

"இங்க பாரு சிட்டு, யாரு வந்திருக்கா பாரு! டீச்சர்! டீச்சர் என்ன பண்றாங்க? அழறாங்க! கண்ணுலேருந்து தண்ணி, மூக்குலேருந்து தண்ணி! இந்த டீச்சர்தான் உன்னை எங்கிட்டேருந்து அனுப்பி வெச்சாங்க. அம்மா பேச மாட்டா, அம்மா ஆகாதவன்னு சொன்னாங்க. நீ போனதும் அம்மா என்ன பண்ணேன்? உன் சட்டையை மோந்துக்கிட்டே படுத்திருந்தேன்! சோறு? தொண்டையில எறங்கவே இல்ல! அம்மா பொய் சொல்றேன்னு டீச்சர் நெனச்சாங்க. யாரும் அம்மாவை ஒரு வார்த்தை கேக்கல. அம்மா இந்த டீச்சரை மன்னிப்பேனா? மாட்டேனே!"

வாசற்படியில் நின்ற டீச்சருக்கு உட்காரவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

சிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கெக்கலி கொட்டிச் சிரித்தாள். இன்னும் வேண்டும் என்று தாடையைப் பிடித்து ஆட்டினாள்.

தையல்காரி இன்னும் சொன்னாள்.