செனான் வெளிச்சத்தில் மட்டும் அம்மா

அந்தப் பெண்ணின் மகளுக்கு வெயிலில் அம்மாவை அடையாளம் தெரியாது. கண்ணில் கோளாறு எதுவும் இல்லை; தெருமுனைக் கடையின் பெயர்ப்பலகையை வாசலிலிருந்தே படிப்பாள். சோதனைக்கூடத்துச் செனான் விளக்கின் அடியில் நின்றால்தான் அம்மா அவளுக்கு அம்மா. மற்ற இடங்களிலெல்லாம் யாரோ ஒரு ஆன்ட்டி. குரல்கூட வேறாம்.

அந்தப் பெண் வேலை பார்த்தது சோலார் தகடுகளைச் சோதிக்கும் இடத்தில். மேகத்தை நம்பிச் சோதனை நடத்த முடியாது என்பதால் அறைக்குள்ளேயே வெயிலை உண்டாக்குவார்கள். அதற்கு எந்த விளக்கு என்று தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு. ஹாலஜன் மலிவு, ஆனால் வெளிச்சம் செக்கச்செவேலென்று விழுந்தது. மெட்டல் ஹாலைடு ஏற்றினால் நிதானத்துக்கு வர நேரம் பிடித்தது. செனான்தான் வெயிலுக்குக் கிட்டத்தில் வந்தது. சிவப்பின் ஓரத்தில் மட்டும் அதன் நிறம் வெயிலை மீறிக் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்ததைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அதையே எடுத்தாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் கையை விரித்துவிட்டார். வேலைக்குப் போகிறேன் என்று நின்றவள் நீதானே என்றான் கணவன். ஆகவே கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கூடையில் குழந்தை கிடந்தது. முகம் பார்த்துச் சிரிக்கும் பருவம் அதற்கு அந்த வெளிச்சத்திலேயே வந்து போயிற்று.

போகப் போகச் சரியாகிவிடும் என்றார் கண் டாக்டர். ஆகவில்லை. இவள்தான் உன் அம்மா என்று வீட்டில் சொன்னபோதெல்லாம், கேலி செய்கிறார்கள் என்று குழந்தை தேம்பித் தேம்பி அழுதது. விட்டுவிடுங்கள் என்று கடைசியில் அந்தப் பெண்ணே தடுத்துவிட்டாள். பள்ளி விட்டதும் மகள் நேராகச் சோதனைக்கூடத்துக்கு வருவாள். இவள் சோதனை மேடையில் ஏறி நிற்பாள், மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். காய்ச்சல், பரீட்சை, வயசுக்கு வந்த சங்கதி எல்லாம் அங்கே பேசியதுதான். வீடு திரும்பித் தட்டில் சாப்பாடு வைத்தால், "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்பாள். கணவனுக்கு அதில் ஒரு சிரிப்பு.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் எல்இடி விளக்குகள் வந்து இறங்கின. அவள் மாதக்கணக்கில் சோதித்தாள். எங்கேயாவது ஒரு குறை கிடைக்காதா என்று தேடினாள். நிறம் வெயிலோடு இம்மி பிசகாமல் பொருந்தியது, தகடு முழுக்க ஒரே சீராக விழுந்தது, ஆடாமல் நின்றது. வெயிலை அப்படியே உரித்து வைத்திருந்ததால், அதன் அடியில் நின்ற அவளிடமே மகள் வந்து, அம்மா இன்றைக்கு லீவா என்று விசாரித்தாள். புது விளக்கில் குறை இருக்கிறது என்று மேலாளரிடம் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாயிலிருந்து வருவதை மனிதர்கள் நம்பிய ஒரே இடம் அதுதான்.

"அப்ப மாத்திடலாமா?" என்று மேலாளர் கேட்டார்.

"மாத்திடலாம் சார்."

பழையதில் ஒன்றையாவது விட்டுவையுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். இடத்தை அடைக்கும் என்றார்கள். கழற்றுவதற்கு முந்தைய நாள் மகளை வரச்சொல்லி, விளக்கடியில் நிற்கவைத்து, தலையை வருடிக்கொண்டே சொன்னாள்: "நான் கொஞ்ச நாள் வரமாட்டேன். வீட்டுல இருக்காங்களே, அவங்க சொல்றதைக் கேட்டு நட."

"அந்த ஆன்ட்டியா? நல்லவங்கதான். நீ எப்பம்மா வருவே?"

சீக்கிரம் என்று சொன்னாள்.

மகள் ஒரு வருஷம் சோதனைக்கூடத்து வாசலில் காத்திருந்தாள். அப்புறம் காத்திருப்பதை விட்டாள், அம்மாவைப் பற்றிப் பேசுவதையும் விட்டாள். படிப்பு முடிந்து, தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவை வந்து உட்கார்ந்து, அம்மா எங்கே என்று கேட்டார்கள்.

"எங்களை விட்டுட்டுப் போயிட்டாங்க. நான் அவங்களைப் பத்திப் பேசறதில்லை. இந்த ஆன்ட்டிதான் கூடவே இருந்து பார்த்துக்கிட்டாங்க."

அந்தப் பெண் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டு வந்தாள். மகளிடம் வந்ததும் குனிந்து, சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் ஆன்ட்டி என்றாள் மகள்.